காற்று மாறினால் திரும்பும் புத்தகங்கள்

கோயில் வளவில் இருந்து புத்தகம் இரவல் கொடுப்பதுதான் உலகத்திலேயே அமைதியான தொழில் என்று நினைப்பவர்கள், ஒருநாள் வந்து என் கதிரையில் இருந்து பார்க்க வேண்டும்.

கற்பிட்டிப் பக்கத்தில், கடலுக்கும் உப்பங்கழியான களப்புக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஒரு துண்டு நிலத்தில் எங்கள் மாதா கோயில். வாசலுக்கு வலப்பக்கம் மெழுகுதிரி, செபமாலை, சுரூபம், சாமிப் படம் விற்கிற சின்னக் கடை. கடை கோயிலுக்குச் சொந்தம், கடைக்காரன் நான். பின்சுவரோடு ஒரு பழைய அலுமாரி நிற்கிறது. அதற்குள் விவிலியக் கதைகள், புனிதர் வரலாறுகள், செபப் புத்தகங்கள், சில கிறிஸ்தவ நாவல்கள். யாரும் எடுத்துப்போய் வாசிக்கலாம், வாசித்தபின் திருப்பித் தரவேண்டும். அவ்வளவுதான் சட்டம். நீங்களும் எப்போதாவது ஒரு புத்தகத்தை நம்பிக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்றால் இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. நம் எல்லாருக்கும் வருத்தம் ஒன்றுதான்.

அந்த அலுமாரியோடு எனக்கொரு சொந்த ஒட்டும் உண்டு. எங்கள் வீட்டில் கதை என்பது காதால் வருகிற சாமான். அப்பாவின் அப்பா, எங்கள் அப்பப்பா, வேதாகமம் முழுவதையும் வாயாலேயே சொல்லி முடித்தவர். அவர் சொன்ன யோனா, மீனின் வயிற்றிலிருந்து கற்பிட்டிக் கோட்டைக்குக் கீழேதான் கரையேறினார். பள்ளிக்கூடம் முடிக்கிற வயதில் இந்த அலுமாரியைத் திறந்து அதே கதையை எழுத்தில் வாசித்தபோது அதில் கற்பிட்டி இல்லை. அப்பப்பா ஏமாற்றிவிட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு என்னவெல்லாம் உள்ளே இருக்கிறது என்று பார்க்கத்தான் தோன்றியது. பிறகு ஒன்று விடாமல் வாசித்தேன். இப்போதும் காலையில் கடை திறந்ததும் ஓர் அதிகாரம் வாசித்துவிட்டுத்தான் மெழுகுதிரிப் பெட்டியில் கைவைப்பேன். யாரும் கேட்டால் செபம் என்பேன். உண்மையில் அது பாதி செபம், பாதி ஆசை.

வலைக்காரர் நடுவே

நான் பொறுப்பெடுத்த புதிதில் அலுமாரிப் பக்கம் ஒருவரும் வரவில்லை. ஆட்கள் வராவிட்டால் புத்தகம்தான் போகவேண்டும் என்று முடிவெடுத்து, ஒரு பின்னேரம் விவிலியக் கதைப் புத்தகம் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அந்தோனி சம்மாட்டியின் ஆட்கள் வட்டமாக இருந்து வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்து ஆட்களை வேலைக்குக் கூட்டிப்போகிறவர். அந்தோனி அண்ணன் கரையில் நின்று கூப்பிட்டால் நடுக்கடலில் உள்ளவன் திரும்பிப் பார்ப்பான். என்னுடையதோ, பக்கத்தில் இருப்பவரே "என்ன?" என்று இரண்டாம் முறை கேட்கிற குரல்.

"நீங்கள் தைக்கத் தைக்க நான் வாசிக்கட்டா அண்ணன்?" என்று கேட்டேன். "வாசியும்" என்றார். யோனாவின் கதையைத் தொடங்கி, மிகுந்த பக்தியோடு ஒரு பக்கம் முடித்தேன். என் குரல் எனக்கே உருக்கமாக இருந்தது. மறுபக்கம் புரட்டும்போது, எதிரே இருந்த ஒருவர் ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்:

"தம்பி, நீர் இப்ப செபம் சொல்றீரா, கதை வாசிக்கிறீரா? செபமெண்டால் சொல்லும், நாங்கள் தொப்பியைக் கழட்டுறம்."

புத்தகத்தில் இல்லாத சுறா

வெட்கத்தில் புத்தகத்தை மூடினேன். மூடிய கையோடு எழுந்து வர மனம் வரவில்லை. அப்பப்பா சொன்னபடியே சொல்லத் தொடங்கினேன். கப்பல் கற்பிட்டியைத் தாண்டுகிறது. சோளகக் காற்று பிடித்துக்கொள்கிறது. யாரால் இந்தக் கேடு என்று சீட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள், யோனாவின் பெயர் விழுகிறது. தண்ணீரில் போட்டதும் முதலில் அவரைச் சுற்றிச் சுறாக்கள் வருகின்றன. அப்போது ஒரு பெரிய மீன் வந்து, சுறாக்களை வாலால் அடித்துத் துரத்திவிட்டு, அவரை ஒரு பல் படாமல் உள்ளே எடுத்துக்கொள்கிறது. குரல் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. வலை ஊசிகள் எல்லாம் நின்றிருந்தன. "மீன் விழுங்கினது தண்டனை இல்லை, அதுதான் காப்பாத்தினது" என்று அப்பப்பா சொல்கிற இடம் வந்தபோது, ஊசியைக் குத்தி வைத்தவர் கடலைத் திரும்பிப் பார்த்தார். கடலில் விழுந்து பிழைத்தவர்கள் அந்த வட்டத்தில் இருந்தார்கள்.

அடுத்த நாள் காலையிலேயே அந்தோனி அண்ணன் கடைக்கு வந்து அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போனார். எனக்குத் தரையில் கால் படவில்லை. அதற்கடுத்த நாள், பூசை முடிந்து மெழுகுதிரிக்குச் சனம் நெருக்கிக்கொண்டு நிற்கிற நேரம், புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுத் தன் கடற்கரைக் குரலில் கேட்டார்:

"தம்பி, ரெண்டு தரம் வாசிச்சன். சுறா எங்க?"

எங்களுக்குக் காத்து

சுறா அப்பப்பாவுடையது என்று ஒத்துக்கொண்டேன். அந்தச் சுறா செய்த வேலையை எந்தப் பிரசங்கமும் செய்திராது. மற்றக் கதைகளில் எது புத்தகத்துடையது, எது அப்பப்பாவுடையது என்று பிடிக்க ஆளுக்கொரு புத்தகம் எடுக்கத் தொடங்கினார்கள். கையும் களவுமாகப் பிடிக்க வாசித்தவர்கள், பிடித்துப்போய் அடுத்ததை வாசித்தார்கள். புனிதர் வரலாறுகள் போயின. நாவல்கள் போயின. ஒருவரிடம் இருப்பதை இன்னொருவர் அடுத்தது தனக்கென்று சொல்லி வைக்கிற அளவுக்கு வந்தது.

பிறகு சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, தொடங்கியது. இந்தக் காற்று அடித்தால் எங்கள் பக்கத்துக் கடல் தொழிலுக்கு ஆகாது. சட்டி பானை, வலை, வள்ளம் எல்லாம் கட்டிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய், அங்கே வாடி அடித்துக் காற்று ஓயும்வரை தொழில் செய்வார்கள். வாடி என்பது ஓலைக் கொட்டில். பாதி வருடம் அதுதான் அவர்களுக்கு வீடு. புறப்படுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை, அந்தோனி அண்ணன் ஐஸ் போடுகிற ரெஜிபோம் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்து கடைக்குள் வந்தார். அலுமாரியைத் திறந்து, மீன் அடுக்குகிற மாதிரி, பெரியது கீழே சின்னது மேலே என்று புத்தகங்களை அடுக்கினார். "அண்ணன், இரண்டு கிழமைக்குத்தான் இரவல்" என்றேன். காது கேட்காதவர் மாதிரி மூடியைப் போட்டு நைலோன் கயிற்றால் கட்டினார். நான் திரும்பச் சொன்னதும் என் தோளில் கைபோட்டார்:

"கலண்டர் கோயிலுக்கு, தம்பி. எங்களுக்குக் காத்து. சோளகம் விழுந்தா நாங்களும் வருவம், புத்தகமும் வரும்."

அலுமாரியின் அகலம்

அந்தக் கிழமையே எங்களுக்குப் புதிய பங்குத்தந்தை வந்தார். கடலில்லாத ஊர்க்காரர். நல்ல மனிதர், எதுவும் அதனதன் இடத்தில் இருக்கவேண்டும் என்பார். பாடகர் குழுவை நடத்துகிற ஸ்டீபன் மாஸ்டருக்கோ புதிதாக மைக் செட் வந்திருந்தது. வைக்க இடமில்லாமல் அதை வீட்டில் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். அதனால் அவருடைய மனைவி அவரோடு கதைப்பதில்லை. ஒருநாள் ஃபாதரைக் கூட்டிக்கொண்டு, கையில் அளவு நாடாவோடு கடைக்கு வந்தார். ஃபாதர் அலுமாரியைத் திறந்தார். உள்ளே தடித்த விளக்கவுரைப் புத்தகங்கள் மூன்றும், வளவுப் பூனையும் இருந்தன.

"மற்றப் புத்தகங்கள் எங்கே, ஜூட்?"

"வாசிப்பில இருக்கு ஃபாதர். கிழக்குக் கரையில."

"எப்போ வரும்?"

"காத்து விழுந்ததும்."

ஃபாதர் ஸ்டீபன் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஏற்கெனவே அகலத்தை உள்ளங்கையில் எழுதிவிட்டார். ஃபாதர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பூனையை மெதுவாகத் தூக்கி என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

"ஒக்டோபர் திருவிழாக் கொடியேற்றம் வரைக்கும் பொறுப்பம். அதுக்குள்ள புத்தகம் வராட்டில் அலுமாரி மாஸ்டருக்கு. இரவல் கொடுக்கிறதையும் அதோட நிப்பாட்டுவம், ஜூட்."

சிக்னல் இல்லாத சிறைச்சாலை

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை. அலுமாரி போனால் வருகிற புத்தகங்களுக்கு வீடு இல்லை. நானும் வெறும் மெழுகுதிரிக்காரன். இந்தக் கவலைக்கு நடுவே பிலோமினா அக்கா வந்தார். அவர் அந்தோனி சம்மாட்டியின் மனைவி, இங்கேயே நின்று களப்பு மீனைக் கருவாடாகக் காயப் போடுகிறவர். வாடிக்குப் போன கணவர் பின்னேரங்களில் போனில் பேசுவாராம். வீட்டுக் கதை முடிந்ததும் கையில் உள்ள புத்தகத்தில் கொஞ்சம் வாசித்துக் காட்டுவாராம். அக்கா போனைச் சத்தமாக வைத்துக் கருவாட்டுத் தட்டியின் மேல் நிறுத்திவிட, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் மீனைப் புரட்டிக்கொண்டு கேட்பார்களாம். விசுவாசத்துக்காகச் சிறையில் போட்ட ஒரு சாமியாரைப் பற்றிய நாவல். சரியாகச் சிறைக் கதவு திறக்கிற இடத்தில் சிக்னல் போய்விட்டது.

"தம்பி, மூண்டு நாளா லைன் இல்லை. அந்தச் சாமியாரை விட்டாங்களா இல்லையா? கருவாடு கருகுது" என்று வந்து நின்றார். ஞாபகத்திலிருந்து சொன்னேன். சாமியார் வெளியே வந்தார்; காவல்காரனும் மனம் மாறினான்; இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் தப்பினார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். லைன் வந்த மறுநாளே திரும்பி வந்தார். நாவலில் வள்ளமே இல்லையாம். சாமியார் நடந்துதான் போனாராம். நான் தலையைக் குனிந்தேன். அக்கா மெழுகுதிரி ஒன்றை எடுத்தபடி சொன்னார்:

"உம்மட முடிவுதான் எங்களுக்குப் பிடிச்சுது. ஆனா அவர் வாசிச்சதுதான் உண்மை. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு திரி கொளுத்துறன்."

அம்மாவும் மகளும்

அலுமாரியில் மிஞ்சியிருந்த விளக்கவுரைகளுக்கும் ஒரு வாசகி வந்தார். சிலாபத்திலிருந்து இங்கே கல்யாணம் கட்டி வந்த லில்லி அன்ரி. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், கண் தெரியாது, வெண்படலம். மகள் நிலூஷிக்குக் கண் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது. சிங்களத்தில் படித்த பிள்ளை. வீட்டில் கதைப்பது தமிழ், செபம் சொல்வது தமிழ், எழுத்து மட்டும் பழக்கமில்லை. இரண்டு பேரும் கடை வாங்குப் பலகையிலேயே இருந்து தொடங்கினார்கள். "அம்மா, மூடி இல்லாத பெட்டி மாதிரி ஒண்டு. பக்கத்தில ஒரு கால்." "அது 'பா'. பிறகு?" ஒரு வரி முடிய ஒரு மெழுகுதிரிப் பெட்டி விற்றுத் தீர்ந்தது.

இவர்கள் நாலாம் வரியோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. வர வர அம்மா கேட்பது குறைந்து, மகள் சொல்வது கூடியது. ஒருநாள் நிலூஷி புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி வளவுக்குள் நடந்து வந்தாள். பின்னால் அவளுடைய தோளைப் பிடித்தபடி அன்ரி. "பிள்ளை நல்லா வாசிக்கிறாள் போல?" என்று சந்தோசமாகக் கேட்டேன். அன்ரி முகத்தைச் சுளித்தார்:

"இப்ப மனசுக்குள்ள வாசிக்கப் பழகிட்டாள். எனக்கு ஒரு சொல்லும் கேட்குதில்லை. சத்தமா வாசிக்கச் சொல்லி நீராவது சொல்லும் தம்பி, கொஞ்சம் சத்தமாச் சொல்லும்."

ரிஸ்வி நானாவின் தீர்ப்பு

ஒக்டோபர் பிறந்துவிட்டது. காற்று விழவில்லை. காலையில் கடை திறந்ததும் முதலில் தென்னை ஓலையைப் பார்ப்பேன். அது கிழக்கே சாய்ந்து ஆடிக்கொண்டே இருக்கும். கொடி ஏற்றுகிற மரத்துக்கு வெள்ளை பூசினார்கள். ஸ்டீபன் மாஸ்டர் போகும்போதும் வரும்போதும் அலுமாரியைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் ரிஸ்வி நானாவைப் பிடித்தேன்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அவர் கிழக்குக் கரை வாடிகளிலிருந்து லொறியில் கருவாடு ஏற்றிப் புத்தளத்துக்குக் கொண்டுவருகிறவர். மன்னாரிலிருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு வெளிக்கிட்டு இந்தப் பக்கம் வளர்ந்தவர். "நானா, வரேக்குள்ள அந்தப் புத்தகப் பெட்டியையும் ஏத்திக்கொண்டு வாங்கோ. ஃபாதர் கொடியேற்றம் வரைக்கும்தான் தவணை தந்தவர் எண்டு சொல்லுங்கோ" என்று கெஞ்சினேன்.

நானா போனார், வந்தார். லொறியில் கருவாடு மட்டும்தான் இருந்தது. "சொன்னேன் தம்பி. சம்மாட்டி சிரிக்கிறார். இன்னும் முடியல்லையாம், காத்து விழட்டுமாம்." நானா என்னைத் தேற்றுவதற்காகப் பக்கத்தில் இருந்து, சாமான் ஏற்றும் வரைக்கும் வாடியில் அவர்கள் யோனா கதை வாசித்ததையும், அப்பப்பாவின் சுறாவைச் சொல்லிச் சிரித்ததையும் தானும் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தவர் மாதிரித் தாடியைத் தடவினார்:

"எங்கட யூனுஸ் நபியோட கதைதான் அது. உங்கடதிலயும் மீன் இரிக்கி, எங்கடதிலயும் மீன் இரிக்கி. அந்தச் சுறா மட்டும் உங்க அப்பப்பாட சொந்தச் சாமான்."

வாசலில் நின்ற அலுமாரி

கொடியேற்றத்துக்கு முதல் நாள் பின்னேரம் தென்னை ஓலை அசையாமல் தொங்கியது. நான் நம்பவில்லை. மறுநாள் காலை ஃபாதர், ஸ்டீபன் மாஸ்டர், பாடகர் குழு இளைஞர்கள் எல்லாரும் வந்தார்கள். ஃபாதர் என் முகத்தைப் பார்க்காமல் "தூக்குங்கோ" என்றார். அலுமாரி கடை வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கும்போது, வளவுக்குள் ரிஸ்வி நானாவின் லொறி வந்தது. வலைக் குவியலுக்கு மேலே வாடிச் சனம். அந்தோனி அண்ணன் பெட்டியோடு குதித்து இறங்கி, அதை ஃபாதரின் காலடியில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

கருவாட்டு வாசம் கோயில் பீடம் வரைக்கும் போயிருக்கும். பூனை எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. ஃபாதர் மூக்கைச் சுளித்தபடி ஒரு புத்தகத்தை எடுத்தார். நான் கொடுக்கும்போது முதுகு பிய்ந்து, தாள் தாளாகக் கழன்று கிடந்த புத்தகம் அது. இப்போது முதுகு நெடுக நீல நைலோன் நூல், வலை முடிச்சுப் போட்டு இறுக்கித் தைத்திருந்தது. ஃபாதர் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அடுத்ததை எடுத்தார், அதுவும் தைத்திருந்தது. "காத்துக் கூடி கடலுக்குப் போக ஏலாத நாளில வலையெல்லாம் தைச்சு முடிச்சம், ஃபாதர். கை சும்மா இருக்குதில்லை. இதுகளைத் தைச்சம்" என்றார் அந்தோனி அண்ணன். "ஒண்டு குறையும். அந்தக் கரைக் கோயில் மனுசி ஒராள் தரமாட்டன் எண்டிட்டா. பதிலுக்குத் தன்ட புத்தகம் ஒண்டு தந்தவ."

பிறகு அவர் தொப்பியைக் கழற்றினார். "ஃபாதர், உங்களிட்ட ஒரு விசயம் கேட்கவேணும். யோனா கடைசியில தனக்கு நிழல் தந்த செடி பட்டுப்போனதுக்குக் கோவிச்சுக்கொண்டு இருக்கிறார். ஆண்டவர் கேட்கிறார், ஒரு செடிக்கு நீ இரங்கினா, இவ்வளவு சனம் உள்ள பட்டணத்துக்கு நான் இரங்கக்கூடாதா எண்டு. அதோட கதை முடியுது. யோனா என்ன பதில் சொன்னவர்? வாடியில நாங்கள் சோறு ஆறும் மட்டும் சண்டை பிடிச்சம். ஜூட் தம்பி, உம்மட அப்பப்பா எப்பிடி முடிச்சவர்?" அப்பப்பா யோனாவைக் கற்பிட்டியில் கரையேற்றியதோடு நிறுத்திவிடுவார், அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும் என்றேன். எல்லாரும் ஃபாதரைப் பார்த்தார்கள். அவர் என் கதிரையை இழுத்துப் போட்டு, வாசலிலேயே இருந்து, நீல நூல் தைத்த அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்து மெல்ல வாசித்தார். "பதில் எழுதவில்லைத்தான். வாசிக்கிறவன் சொல்லட்டும் எண்டு விட்டிருக்கு" என்றார். "அப்ப நாங்கள் சண்டை பிடிச்சது பிழையில்லை" என்றார் அந்தோனி அண்ணன். ஃபாதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடியேற்றம் அன்று கொஞ்சம் பிந்தியது, ஒருவரும் குறைசொல்லவில்லை. எழும்பும்போது அவர் தீர்ப்புச் சொன்னார்: அலுமாரி திரும்ப உள்ளே, சோளகம் தொடங்கிப் புத்தகங்கள் வாடிக்குப் போனால் மைக் செட் அலுமாரிக்கு, சோளகம் விழுந்து புத்தகங்கள் வந்தால் மைக் செட் வெளியே. கலண்டர் பார்க்கத் தேவையில்லை, காற்றைப் பார்த்தால் போதும். எல்லாரும் தலையாட்டினார்கள். ஸ்டீபன் மாஸ்டர் மட்டும், அப்போதுதான் விழுந்து முடிந்த காற்றை, அசையாத தென்னை ஓலையில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்:

"அப்ப இண்டைக்கும் கட்டிலுக்குக் கீழதானா, ஃபாதர்?"

ஆக, இரவல் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்திருக்கிற நண்பர்களே, எங்கள் அலுமாரியில் பாதி வருடம் புத்தகம், பாதி வருடம் மைக் செட், கருவாட்டு வாசம் மட்டும் வருடம் முழுக்க.